தோல்விக்குப் பின் அச்சு மேடை: 1952, 1954 தேர்தல்களும் ‘பிரபுத்த பாரத்’ இதழும்

தேர்தலில் தோற்ற அரசியலாளர் ஊடகத்துக்குள் நுழைவது இன்று உலகெங்கும் பழகிப்போன காட்சி. பதவியை இழந்தவர் தொலைக்காட்சி விவாதங்களில் கருத்தாளராகிறார். நாளேட்டில் பத்தி எழுதுகிறார். இணையத்தில் சொந்த அலைவரிசை தொடங்குகிறார். பெரும்பாலோருக்கு இது அடுத்த தேர்தல் வரை தம் பெயரை மக்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆளும் சாதிகளிலிருந்து வந்த தலைவர் தோற்றாலும் அவருக்கான நாற்காலி ஊடக நிறுவனங்களில் காத்திருக்கிறது. அந்நிறுவனங்களை நடத்துவோர் அவருடைய சமூகத்தைச் சேர்ந்தவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள்.

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்த தலைவருக்கு இந்த நகர்வு வேறு பொருள் கொள்கிறது. அவரைத் தோற்கடித்த சமூகப் பெரும்பான்மையின் கையிலேயே ஊடகமும் இருக்கிறது. எனவே அவர் முன் இரண்டு வழிகளே எஞ்சுகின்றன: பிறருடைய மேடையில் அவர்கள் ஒதுக்கும் நேரத்தில் பேசுவது, அல்லது தமக்கான மேடையைத் தாமே கட்டுவது. அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஐந்தாண்டுகளில் இவ்விரண்டையும் செய்தார். 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்து, 1952-இலும் 1954-இலும் மக்களவைத் தேர்தல்களில் தோற்ற அவர், 1956-இல் ‘பிரபுத்த பாரத்’ என்னும் இதழை வெளிக்கொணர்ந்தார். இந்தத் தோல்விகளுக்கும் அந்த இதழுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

அவைக்குள் மறுக்கப்பட்ட உரை

இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்ட நிலையில், 1951 செப்டம்பர் 27 அன்று சட்ட அமைச்சர் அம்பேத்கர் தம் பதவி விலகல் கடிதத்தைப் பிரதமர் நேருவுக்கு அனுப்பினார். அந்த மசோதாவுக்கு நேர்ந்த கதி ஒரு காரணம். பட்டியல் சாதியினரின் நிலை குறித்து அரசு காட்டிய அலட்சியம், வெளியுறவுக் கொள்கையில் கருத்து வேறுபாடு, முக்கியமான அமைச்சரவைக் குழுக்களில் தமக்கு இடமளிக்கப்படாமை ஆகியவற்றையும் அவர் காரணங்களாக முன்வைத்தார்.

அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றத்தில் விளக்க அறிக்கை வாசிக்க அவர் ஆயத்தமானார். துணைத் தலைவர் அனந்தசயனம் ஐயங்கார் அறிக்கையின் படியை முன்கூட்டியே தமக்கு அளிக்க வேண்டும் என்றார். இதைத் தணிக்கையாகக் கருதிய அம்பேத்கர் அவையிலிருந்து வெளிநடப்புச் செய்து, அறிக்கையைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக இருந்தவர், அச்சட்டத்தின் கீழ் இயங்கிய அவையில் தம் விலகலுக்கான காரணத்தைச் சொல்ல முடியவில்லை. அவை மறுத்ததை அச்சு ஊடகத்தின் வழியே அவர் மக்களிடம் கொண்டு சென்றார்.

எனினும் அந்த அச்சு ஊடகம் அவருக்கு நட்பானதன்று. 1945-இல் வெளிவந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன’ என்னும் நூலில் அவர் இதை விரிவாகவே எழுதியிருந்தார். தீண்டத்தகாதவர்களுக்கெனப் பத்திரிகைகள் இல்லை. காங்கிரஸ் சார்புப் பத்திரிகைகளின் கதவு அவர்களுக்கு மூடியே இருக்கிறது. நாட்டின் முதன்மைச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவின் பணியாளர்கள் மதராஸ் பார்ப்பனர்களாகவே இருக்கிறார்கள் என்பது அவர் முன்வைத்த குற்றச்சாட்டு. செய்தி எங்கே தடுக்கப்படுகிறது என்பதைச் சாதியின் பெயர் சொல்லிச் சுட்டிய ஊடக விமர்சனம் அது.

வட பம்பாயில் நேர்ந்தது

முதல் பொதுத் தேர்தலில் அம்பேத்கர் தலைமையிலான பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு, சோசலிஸ்ட் கட்சியுடன் உடன்பாடு கண்டு போட்டியிட்டது. அதன் சின்னம் யானை. அம்பேத்கர் நின்ற வட பம்பாய், இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது. மற்றொன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் 2 வாக்குகள் உண்டு. அவற்றை 2 வெவ்வேறு வேட்பாளர்களுக்கு அளிக்க வேண்டும். அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரே பெட்டியில் 2 சீட்டுகளையும் இட்டால் ஒன்று செல்லாததாகிவிடும்.

ஒதுக்கப்பட்ட இடத்தில் காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் சதோபா கஜ்ரோல்கர் 1,38,137 வாக்குகளும் அம்பேத்கர் 1,23,576 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 14,561. பொது இடத்தில் அம்பேத்கரின் கூட்டாளியான சோசலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தாவும் காங்கிரசிடம் தோற்றார். அதே தொகுதியில் கம்யூனிஸ்ட் தலைவர் எஸ்.ஏ. டாங்கேயும் களத்தில் இருந்தார். இரண்டாவது வாக்கை வேறு எவருக்கும் அளிக்காமல் வீணாக்கிவிடும்படி டாங்கே தரப்பு தம் ஆதரவாளர்களைத் தூண்டியது என்று அம்பேத்கர் குற்றம் சாட்டினார். அவரும் அசோக் மேத்தாவும் இணைந்து தேர்தல் மனு தொடுத்தனர். 70,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வீணானது அம்மனுவின் பின்னணியில் இருந்த முக்கியமான முறையீடு. மனு வெற்றி பெறவில்லை.

நாடு முழுவதும் கூட்டமைப்பு வென்ற மக்களவை இடங்கள் இரண்டே: சோலாப்பூரில் பி.என். ராஜ்போஜ், ஐதராபாத் மாநிலத்தின் கரீம்நகரில் எம்.ஆர். கிருஷ்ணா. பின்னர் அம்பேத்கர் பம்பாய் மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறையும்வரை அங்கு உறுப்பினராக இருந்தார். ஆகவே அவர் நாடாளுமன்றத்திலிருந்து முற்றிலும் வெளியேற்றப்படவில்லை. ஆனால் மக்களின் நேரடி வாக்கில் பெறும் இடம் அவருக்குக் கிட்டவில்லை.

1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில் அவர் மீண்டும் முயன்றார். அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதியே. பொது இடத்தில் இம்முறை அசோக் மேத்தா வென்றார். ஒதுக்கப்பட்ட இடத்தில் அம்பேத்கர், காங்கிரசின் பாவுராவ் போர்க்கரிடம் 8,000-க்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். கூட்டணியின் சாதி இந்து வேட்பாளர் வெற்றி பெற, அதே தொகுதியில் அதே கூட்டணியின் தலித் வேட்பாளர் தோற்ற இந்த முடிவு, இரட்டை உறுப்பினர் முறையின் இயல்பை வெளிப்படையாகக் காட்டியது. தலித் வாக்கு கூட்டாளிக்குச் சென்றது. கூட்டாளியின் வாக்கு அதே அளவில் திரும்பி வரவில்லை.

தோல்வியின் வேர்

இத்தோல்விகளைத் தனி மனிதரின் செல்வாக்குச் சரிவாகக் காண்போர் அவற்றின் அமைப்புக் காரணத்தைத் தவறவிடுகிறார்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, தீண்டத்தகாத மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அளித்தது. தம் பிரதிநிதியைத் தாம் மட்டுமே தேர்ந்தெடுக்கும் உரிமையுடன், பொதுத் தொகுதியிலும் வாக்களிக்கும் உரிமையும் அதில் இருந்தது. எரவாடா சிறையில் காந்தி மேற்கொண்ட உண்ணாநோன்பின் நெருக்கடியில், செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண அவைகளில் இடங்கள் 148 ஆக உயர்ந்தன. ஆனால் தனி வாக்காளர் உரிமை போயிற்று. இடம் தலித்துக்கு, தேர்வு அனைவருக்கும் என்றாயிற்று.

கூட்டு வாக்காளர் முறையில் ஒரு தொகுதியின் தலித் வாக்காளர்கள் ஏறத்தாழ ஒருமனதாக ஒருவரை விரும்பினாலும், பிறரின் விருப்பமே முடிவைத் தீர்மானிக்க வல்லது. பெரும்பான்மையினர் தமக்கு உகந்த தலித் ஒருவரை எளிதில் கண்டெடுக்க முடியும். 1946 மாகாணத் தேர்தல்களில் கூட்டமைப்பு பெருந்தோல்வி கண்டபோதே இது புலப்பட்டுவிட்டது. பம்பாயிலிருந்து அரசமைப்பு அவைக்குச் செல்லும் வழி அம்பேத்கருக்கு அடைபட்டது. ஜோகேந்திரநாத் மண்டலும் அவருடைய தோழர்களும் பாடுபட்டதால்தான் அவர் வங்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சட்டமன்ற, நாடாளுமன்ற இடங்களுக்கான ஒதுக்கீட்டையே கைவிட வேண்டும் என்று 1955 ஆகஸ்டில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் செயற்குழு தீர்மானம் நிறைவேற்றியது. கல்வி, வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டை இத்தீர்மானம் தொடவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அம்பேத்கரே இட ஒதுக்கீட்டை எதிர்த்தார் என்று இன்று சொல்வோர் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறார்கள். பெரும்பான்மையின் விருப்பத்துக்கு அடங்கிய உறுப்பினர்களை உருவாக்கும் கூட்டு வாக்காளர் முறையே அங்கு விமர்சனத்துக்கு உள்ளானது.

இந்தப் பின்னணியில் இதழ்ப் பணியின் தேவை விளங்கும். தேர்தலில் ஒரு தலித் தலைவரின் குரல் பிறருடைய ஒப்புதலைப் பெற்ற பிறகே அவைக்குள் நுழைகிறது. சொந்த இதழில் அந்த ஒப்புதல் தேவையில்லை. வாங்கிப் படிப்பவர்களும், படிக்கக் கேட்பவர்களும் போதும்.

முந்தைய நான்கு இதழ்கள்

அம்பேத்கர் தோற்ற பிறகு இதழியலைக் கண்டடைந்தவர் அல்லர். தேர்தல் அரசியலுக்கு முன்பே அவர் இதழாளர். 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ வெளிவந்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அதற்கு 2,500 ரூபாய் அளித்தார். அம்பேத்கர் அப்போது சிடன்காம் கல்லூரிப் பேராசிரியராக இருந்ததால் பாண்டுரங் நந்தராம் பட்கரின் பெயர் ஆசிரியராக இடம்பெற்றது. இதழின் வருகையை அறிவிக்கும் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் ‘கேசரி’ ஏடு மறுத்தது. அம்பேத்கர் மேற்படிப்புக்காக லண்டன் சென்ற பின் ‘மூக்நாயக்’ தளர்ந்து 1923-இல் நின்றது.

1927 மார்ச்சில் மகாத் குளத்தில் நீரருந்தும் போராட்டம் நடந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 3 அன்று ‘பகிஷ்க்ருத் பாரத்’ தொடங்கப்பட்டது. மகாத் நிகழ்வைச் சாதி இந்து ஏடுகள் சித்திரித்த விதத்துக்கு மறுமொழி அளிக்கும் பொறுப்பு அதன் மீது விழுந்தது. பெரும்பகுதியை அம்பேத்கரே எழுதினார். போதிய பணமும் உதவியாளர்களும் இல்லாமல் 1929-இல் அதுவும் நின்றது. இடையில் 1928-இல் ‘சமதா’ வந்தது. 1930 நவம்பர் 24 அன்று, லண்டனில் முதலாம் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, தேவ்ராவ் நாயக்கை ஆசிரியராகக் கொண்டு ‘ஜனதா’ பிறந்தது. நான்கனுள் நீண்டகாலம் நிலைத்தது இதுவே. 25 ஆண்டுகள் நடந்தது.

ஒவ்வோர் இதழும் ஒரு போராட்டக் கட்டத்துடன் பிணைந்திருப்பதைக் காணலாம். ஊமைகளின் தலைவன் என்னும் பொருள்தரும் ‘மூக்நாயக்’, பேச்சு மறுக்கப்பட்டோர் பேசத் தொடங்கிய கட்டம். விலக்கப்பட்ட இந்தியா என்னும் ‘பகிஷ்க்ருத் பாரத்’, விலக்கலை நேருக்கு நேர் எதிர்த்த கட்டம். ‘ஜனதா’, அதாவது மக்கள், உரிமைக்கும் பிரதிநிதித்துவத்துக்குமான அரசியல் கட்டம். 1952-க்குப் பிறகு இந்த மூன்றாம் கட்டம் முட்டுச்சந்தில் நின்றது.

வானொலியும் நாளேடும்

தோல்விக்குப் பின் அம்பேத்கர் பிறர் மேடைகளைப் புறக்கணிக்கவில்லை. மொழிவாரி மாநிலங்கள் குறித்த அவரது கட்டுரை 1953 ஏப்ரல் 23 அன்று ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் வந்தது. எண்ணிக்கையில் வலுத்த ஒரு சாதி மாநிலத்தையே கைப்பற்றினால் சிறுபான்மைச் சாதிகளுக்கு என்ன பாதுகாப்பு என்ற வினா மொழிவாரி மாநிலம் பற்றிய அவருடைய எழுத்துகளில் தொடர்ந்து வருகிறது. 1955-இல் வெளியான ‘மொழிவாரி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள்’ நூலில் அது விரிவடைந்தது.

பண்டாரா தோல்விக்குச் சில மாதங்களுக்குப் பின், 1954 அக்டோபர் 3 அன்று, அகில இந்திய வானொலியில் தம் வாழ்க்கைத் தத்துவத்தைப் பற்றி உரையாற்றினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றும் தம் தத்துவத்தின் அடிப்படை என்றும், அவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, புத்தரின் போதனையிலிருந்தே பெற்றதாகவும் அவர் அறிவித்தார். 1955-இல் பிபிசி வானொலிக்கு அளித்த நேர்காணலில் காந்தியைப் பற்றியும் பூனா ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசினார். 1956 மே மாதத்தில் தாம் பௌத்தத்தை விரும்பும் காரணத்தைப் பற்றி பிபிசியிலும், இந்தியாவில் ஜனநாயகத்தின் எதிர்காலம் பற்றி வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவிலும் அவரது உரைகள் ஒலித்தன.

இவ்வுரைகள் உலகின் செவிக்கு எட்டின. ஆனால் நாக்பூரின் நெசவாளியோ பம்பாய் ஆலைத் தொழிலாளியோ அவற்றைத் தம் மொழியில், தம் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு மராத்தி இதழ் வேண்டும்.

‘பிரபுத்த பாரத்’

1956 பிப்ரவரி 4 அன்று ‘ஜனதா’ பெயர் மாறி ‘பிரபுத்த பாரத்’ ஆயிற்று. விழிப்புற்ற இந்தியா என்பது பொருள். இதே பெயரில் ஓர் ஆங்கில இதழ் ஏற்கெனவே இருந்தது. விவேகானந்தரின் அன்பர்கள் 1896-இல் சென்னையில் பி.ஆர். ராஜம் ஐயரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய அது, வேதாந்தத்தைப் பரப்பியது. அதே சொல் 60 ஆண்டுகளுக்குப் பின் பௌத்தத்தையும் சாதி ஒழிப்பையும் குறிக்கும் கொடியாக மராத்தியில் உயர்ந்தது.

பெயர் மாற்றம் வெறும் பெயரளவில் நிற்கவில்லை. விலக்கப்பட்ட இந்தியா என்ற பெயர், விலக்கியவனை நோக்கிப் பேசுகிறது. விழிப்புற்ற இந்தியா என்ற பெயரோ தன் மக்களை நோக்கிப் பேசுகிறது. உரிமை கேட்கும் குரலோடு, புதிய அறத்தையும் புதிய அடையாளத்தையும் உருவாக்கும் பணி சேர்ந்துகொண்டது. கூட்டமைப்பின் இதழாக இருந்தபடியே அது மதமாற்றத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தியது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினர். ஏன் நாக்பூர், ஏன் பௌத்தம், பழைய மதத்தை விட்டதால் கிடைப்பது என்ன என்று அம்பேத்கர் மறுநாள் ஆற்றிய நீண்ட உரையை அக்டோபர் 27 இதழ் வெளியிட்டது. அன்று அங்கே வர இயலாதவர்களுக்கும் பின்வரும் தலைமுறைகளுக்கும் அந்த உரை இவ்வாறு எழுத்தில் நிலைத்தது.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 10.27 விழுக்காடு. பத்தில் ஒன்பது பேர் எழுத்தறியாத மக்களுக்கு இதழ் நடத்துவதில் என்ன பயன் என்று கேட்கலாம். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்கும் வழக்கமே அதற்கு மறுமொழி. குடியிருப்பில் எழுத்தறிந்த ஒருவர் இருந்தாலே ஒரு படி பல குடும்பங்களைச் சென்றடையும்.

தமிழகத்தில் முன்னரே நிகழ்ந்தது

இதழும் பௌத்தமும் கைகோத்த வரலாறு தமிழகத்துக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கிய துணிவு அது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைச் சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்டார். அடுத்த ஆண்டு ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிய அவ்விதழை 1914-இல் மறையும்வரை நடத்தினார். பூர்வ பௌத்தர் என்ற வரலாற்று உரிமைகோரலை அவர் வாரந்தோறும் அதில் எழுதினார். அவருடன் பௌத்தப் பணியில் இணைந்திருந்த பேராசிரியர் பி. லட்சுமி நரசு எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் ஆங்கில நூலை 1948-இல் மறுபதிப்புச் செய்து, அதற்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

அயோத்திதாசர் பரந்த வாக்குரிமை இல்லாத காலத்தில் இதழ் நடத்தினார். அம்பேத்கர் தேர்தலில் வழி அடைபட்ட காலத்தில் நடத்தினார். இருவரையும் இணைப்பது ஒன்று: அரசின் ஒப்புதலுக்கோ சாதி இந்துக்களின் ஒப்புதலுக்கோ காத்திராமல் ஒரு மக்கள்திரளுக்குத் தன்னைப் பற்றிய சொற்களை வழங்க முடியும் என்ற நம்பிக்கை.

பிறர் மேடையின் எல்லை

பிறர் மேடையில் இடம் பெறுவதன் பயனையும் எல்லையையும் அறிய அமெரிக்கக் கறுப்பின அரசியலிலிருந்து ஒரு சான்றைப் பார்க்கலாம். மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தில் வளர்ந்த ஜெசி ஜாக்சன், 1984-இலும் 1988-இலும் சனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இரண்டாம் முறை கட்சியின் முதற்கட்டத் தேர்தல்களில் ஏறத்தாழ 70 லட்சம் வாக்குகள் பெற்றிருந்தார். பின்னர் சிஎன்என் தொலைக்காட்சியில் 1992 முதல் 2000 வரை ‘போத் சைட்ஸ்’ என்னும் விவாத நிகழ்ச்சியை நடத்தினார்.

எட்டாண்டுகள் நாடு முழுவதும் ஒரு கறுப்பினத் தலைவரின் குரல் ஒலித்தது சிறிய செய்தியன்று. ஆயினும் நிகழ்ச்சியின் வடிவத்தையும் நேரத்தையும் ஆயுளையும் தீர்மானிக்கும் உரிமை அலைவரிசையிடமே இருந்தது. இரு தரப்பு என்று பொருள்படும் நிகழ்ச்சியின் பெயரே நிறுவன ஊடகத்தின் நிபந்தனையைச் சொல்லிவிடுகிறது. அநீதிக்கு உள்ளானவரின் தரப்பும் அநீதியை நியாயப்படுத்துவோரின் தரப்பும் சமமாக வைக்கப்பட வேண்டும். தமிழ்த் தொலைக்காட்சிகளில் ஆணவக் கொலையைப் பற்றிய விவாதங்களைக் கண்டவர்களுக்கு இந்த நிபந்தனை புதிதாக இராது.

கான்ஷிராம் இப்பாடத்தை நன்குணர்ந்திருந்தார். 1978 டிசம்பர் 6 அன்று பாம்செஃப் அமைப்பை நிறுவிய அவர், 1984-இல் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்குவதற்கு முன்பே ‘தி ஒப்ரெஸ்ட் இந்தியன்’ என்னும் ஆங்கில இதழையும் ‘பகுஜன் சங்கதக்’ என்னும் இந்தி இதழையும் நடத்தினார். 1984-இல் ஜாஞ்ச்கீரிலும் 1988-இல் அலகாபாத்திலும் அவர் தோற்றார். 1991-இல் எட்டாவாவில் வென்றார். தோல்விகளின்போது தொண்டர்களை ஒன்றுசேர்த்து வைத்திருந்தவற்றுள் சொந்த இதழ்களுக்கு முக்கிய இடமுண்டு. பிறர் தோற்றபின் ஊடகத்துக்கு வந்தார்கள் என்றால், அவர் தோல்விகளை எதிர்பார்த்தே ஊடகத்தை முன்கூட்டிக் கட்டினார்.

சொந்த மேடையின் இடர்

சொந்த இதழைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவதும் பிழையாகும். ‘பிரபுத்த பாரத்’ தொடங்கிய பத்தே மாதங்களில், 1956 டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் மறைந்தார். 1957 தேர்தலில் கூட்டமைப்பு 6 மக்களவை இடங்களை வென்றது, செங்கல்பட்டில் என். சிவராஜ் வென்றதும் அத்தேர்தலில்தான். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று இந்தியக் குடியரசுக் கட்சி உருவானது. ஆனால் விரைவிலேயே கட்சி பிளவுபடத் தொடங்கியது. இதழும் 1961-உடன் நின்றது. ‘மூக்நாயக்’ தொடங்கி இது வரை ஏறத்தாழ எல்லா இதழ்களுக்கும் இதே மூன்று இடர்கள் வந்தன: விளம்பர வருவாய் இல்லாமை, ஒரே மனிதரின் உழைப்பைச் சார்ந்திருத்தல், கட்சியின் பிளவு இதழையும் பாதித்தல்.

2017 மே 10 அன்று பிரகாஷ் அம்பேத்கர் ‘பிரபுத்த பாரத்’தை மீண்டும் தொடங்கினார். 2021-இல் ‘தி மூக்நாயக்’ என்ற பெயரில் ஓர் இணையச் செய்தித்தளம் பிறந்தது. தமிழில் 1997 முதல் ‘தலித் முரசு’ ஆற்றிய பணியை இத்தளத்தின் வாசகர்கள் அறிவார்கள். பெயர்கள் திரும்பத் திரும்ப உயிர்பெறுவதற்குக் காரணம் பழம்பெருமை மட்டுமன்று. அப்பெயர்கள் தோன்றக் காரணமான நிலை இன்னும் மாறவில்லை.

1996-இல் ‘தி பயோனியர்’ நாளேட்டில் எழுதிய பி.என். உனியால், தில்லியில் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களிடையே ஒரு தலித்தைத் தேடி ஒருவரையும் காணவில்லை என்று பதிவு செய்தார். 23 ஆண்டுகளுக்குப் பின், 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. 1945-இல் அம்பேத்கர் எழுதிய வரிகளுக்கு இதைவிட வலுவான பிற்சேர்க்கை தேவையில்லை.

இன்றைக்கு இதன் பொருள்

இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961-இல் ஒழிக்கப்பட்டன. தனித் தொகுதிகள் இன்றும் கூட்டு வாக்காளர் முறையிலேயே இயங்குகின்றன. சாதிக்கு எதிராக உரத்துப் பேசும் தலித் வேட்பாளர் தனித் தொகுதியிலும் பிற சாதியினரின் வாக்குக்காகக் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. தோற்றால் கூட்டணியின் சுமை என்கிறார்கள். வென்றால் கட்சியின் கட்டுப்பாடு என்கிறார்கள். இந்நிலையில் தேர்தலிலிருந்து ஊடகத்துக்கு வரும் தலித் செயற்பாட்டாளரைப் பிழைப்புக்காக இடம் மாறியவர் என்று எள்ளுவது எளிது. அவர் எந்த ஊடகத்துக்குச் செல்கிறார், அங்கே என்ன செய்கிறார் என்பதை வைத்தே அந்த நகர்வை மதிப்பிட வேண்டும்.

அம்பேத்கரின் இறுதி ஆண்டுகள் அதற்கு மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. முதலாவது, பிறர் மேடையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அது சொந்த மேடைக்கு மாற்றாகிவிடக் கூடாது. வானொலியில் பேசிய அதே ஆண்டுகளில் அவர் மராத்தி இதழைப் புதுப்பித்தார். இரண்டாவது, ஊடகப் பணி அமைப்புப் பணியிலிருந்து பிரிந்து நிற்கக் கூடாது. ‘பிரபுத்த பாரத்’ ஒரு மாபெரும் மக்கள் நிகழ்வுக்கு ஆயத்தம் செய்து, அதைப் பதிவும் செய்தது. புதிய கட்சிக்கான சிந்தனையும் அதே மாதங்களில் நடந்தது. மூன்றாவது, ஓர் இதழ் தன்னை நிறுவியவரின் ஆயுளைக் கடந்து வாழ வேண்டுமானால் வாசகர்களின் சந்தாவும், பயிற்சி பெற்ற அடுத்த வரிசை ஆசிரியர்களும், கட்சிப் பிளவுகளுக்கு அகப்படாத நிர்வாகமும் வேண்டும். இந்த மூன்றாவதைச் செய்து முடிக்க அம்பேத்கருக்குக் காலம் கிடைக்கவில்லை. மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இன்று நடத்தும் சிறிய இதழ்கள், இணையத்தளங்கள், காணொளி அலைவரிசைகள் ஆகியவற்றின் முன் இருப்பது அந்த முடிக்கப்படாத பணியே.